விடிந்தால் சயாம்

எனக்கு வாய் நீளம். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பேச்சியம்மாளிடம் வாயைக் கொடுத்தால் மீளமுடியாது என்று. அன்றைக்கு ராத்திரி அந்த வாய் முழுவதையும் பஸ் டிரைவர் மணியத்தின் மேல்தான் கொட்டினேன்.

பஸ்ஸா அது? ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் ஏது? பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தகர அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். மணியம் இறங்கிப்போய் அடுப்பைக் கிளறுவான். புகை பாதி எஞ்சினுக்குப் போகும், மீதி எங்கள் மூக்குக்குள் வரும். ஜன்னல்களை வேறு கோணிச்சாக்கு வைத்து ஆணியடித்திருந்தார்கள். வெளிச்சம் தெரிந்தால் மேலேயிருந்து குண்டு விழும், அதனால் சட்டம் என்றார்கள். சட்டம் போட்டவன் ஒருநாள் அதற்குள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். மூன்று தோட்டத்துப் பொம்பளைகள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு செல்லம் என் மடியிலேயே இரண்டு தரம் வாந்தியெடுத்தாள். கல்யாணமாகி வருஷம்கூட ஆகாத சின்னப்பெண், அவளை என்ன சொல்ல?

நாங்கள் போய்க்கொண்டிருந்தது சயாமுக்கு. என் வீட்டுக்காரரை ரயில் பாதை போடும் வேலைக்கு என்று பெரட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் பேர் கொடுக்க வரிசையில் நின்ற மனிதர், அப்படியே போனவர்தான். நான் அன்றைக்குக் காய்ச்சலில் லயத்தில் கிடந்தேன். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட அவரை விடவில்லை. மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜசேகரன். தீபாவளி போனது. தைப்பூசமும் போனது. ஒரு சேதி இல்லை.

அப்புறம் அதே கிராணி அதே பெரட்டில் நின்று இன்னொன்று சொன்னார். சயாமில் மலைமேல் ஒரு டவுன் இருக்கிறதாம். குளிர்ச்சியான இடமாம், மூன்று வேளையும் அரிசிச் சோறாம். புருஷனோடு போய் இருக்க விரும்புகிற பொம்பளைகள் வரலாம், பஸ் ஒரே ராத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றார். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு அந்தச் சோறுகூடப் பெரிதாகப் படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றதுமே காலையில் காய்ச்சிய கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு மூட்டை கட்டினேன்.

ஒரே ராத்திரியில் சயாம் போய்ச்சேர முடியுமா என்று கேட்க எங்களுக்கு என்ன தெரியும்? தோட்டத்து எல்லையைத் தாண்டினால் குளுவாங் டவுன். குளுவாங்கைத் தாண்டினால் எங்களுக்கு எல்லாமே சயாம்தான்.

பஸ் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா, நீ பஸ் ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா?" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. கரி ஈரமா இருக்கு."

"கரி ஈரம், ரோடு மேடு, எஞ்சின் சூடு. உனக்கு வாச்ச பொண்டாட்டி பாவம்யா."

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஷக்காரனாக இருந்தால் என்னை நடுக்காட்டில் இறக்கிவிட்டிருப்பான்.

கோணிச்சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் ரப்பர் மரம், ரப்பர் மரம், பிறகும் ரப்பர் மரம். ஓரிடத்தில் சண்டையில் எரிந்துபோன லாரி ஒன்று பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்தது. பலகைப் பாலம் ஒன்று தடதடவென்று வந்து போனது. ரொம்ப நேரம் கழித்து மறுபடியும் எரிந்த லாரி, தலைகீழாக. மறுபடியும் பலகைப் பாலம். அட, சயாமிலும் சண்டை நடந்திருக்கிறது, அங்கேயும் லாரி எரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதைச் செல்லத்திடம் பெரிய சேதி மாதிரி சொல்லவும் செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிழக்கு வெளுக்கும்போது பஸ் நின்றது. மணியம் கதவைத் திறந்து இறங்கச் சொன்னான். கால் மரத்துப்போய், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். எதிரே மலை! பனி இடுப்பு வரைக்கும் மூடியிருக்க, உச்சி மட்டும் தெரிந்தது. அடிவாரத்தில் நாலைந்து கடைகள். கிராணி சொன்னது அப்படியே இருந்தது. பொம்பளைகளில் சிலர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"அக்கா, வந்துட்டோம்க்கா," என்று செல்லம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டேன். அவரைப் பார்த்ததும் முதலில் திட்ட வேண்டும், பிறகுதான் மற்றது என்று முடிவு செய்திருந்தேன். சொல்லாமலா போவது?

ரோட்டோரத்தில் ஒரு சீனக் கிழவர் கிழங்குப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "இனி சயாம் கா, தவுக்கே?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன், இது சயாமா முதலாளி என்று.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சயாம்? இனி தங்காக் லா. ஜொகூர்," என்றார்.

இன்னொரு தரம் கேட்டேன். ஜொகூர் என்றுதான் அவரும் இன்னொரு தரம் சொன்னார். ராத்திரி முழுவதும் செக்குமாடு மாதிரி சுற்றிவிட்டு, எங்கள் தோட்டம் இருக்கிற ஜொகூருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தோம்.

ஓடிப்போய் மணியத்தின் சட்டையைப் பிடித்தேன். "அடப்பாவி, எங்களை எங்கய்யா கொண்டாந்து விட்டிருக்கே? அங்க அவரு வழி பாத்துக்கிட்டு இருப்பாரு, நீ எங்களை வச்சு விளையாடிக்கிட்டு இருக்கியா?"

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, உங்களைக் கிம்மாஸ் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடத்தான் எனக்கு உத்தரவு. அங்கேருந்து கூட்ஸ் வண்டியில அடைச்சு அனுப்புவாங்க. புருஷன்கிட்ட இல்லக்கா, அதே பாதை வேலைக்கு. ஆம்பளைங்க குறைஞ்சு போயிட்டாங்க. அதான் உங்களை ஆசை காட்டிக் கூப்பிட்டாங்க."

"குறைஞ்சு போயிட்டாங்கன்னா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்களா விரும்பி வர்றவங்கதானேன்னு காவலுக்கு ஆள் போடல," என்றான். "அதான் எனக்குத் துணிச்சல் வந்துச்சு. ரயில் போற நேரம் வரைக்கும் சுத்திச் சுத்தி ஓட்டுனேன். வண்டி கெட்டுப்போச்சு, பொம்பளைங்க இறங்கி ஓடிட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். இந்த மலைக்குப் பின்னால மலாய்க்காரங்க கம்பம் இருக்கு, தோட்டம் இருக்கு. எங்கேயாவது போய்ப் பொழைச்சுக்கங்க. லயத்துக்கு மட்டும் திரும்பிப் போயிடாதீங்க."

"உன்னை அடிப்பானுங்களேய்யா."

"அடிப்பாங்க."

வேறு யாராக இருந்தாலும் அவன் காலில் விழுந்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "யாரைக் கேட்டுய்யா வண்டியைத் திருப்பினே? செத்தாலும் அவரு பக்கத்துல கிடந்து சாகலாம்னு வந்தவ நான். அவரு அங்க இருக்காரு. என்னைக் கொண்டுபோய் அங்க விடு."

"அவரு பேரு என்னக்கா?"

அந்த நேரத்திலும் என் வாயில் பேர் வரவில்லை, பாருங்கள். ஊரெல்லாம் கிழிக்கிற வாய், கட்டினவர் பேரை அதுவரைக்கும் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. செல்லத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்.

"காளியப்பண்ணன்."

மணியம் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுய்யா. தெரியுமா அவரை?"

"முன் சீட்டுல என் பக்கத்துல உக்காந்து வந்தாரு," என்றான். "உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டே வந்தாரு. 'காய்ச்சல்ல கிடக்குறா, சொல்லாம வந்துட்டேன், திரும்பிப் போனா வாயாலேயே கிழிச்சுருவா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"போன மாசம் சீக்காளிங்க கொஞ்சப் பேரைத் திருப்பிக் கொண்டாந்தாங்க. ஸ்டேஷன்லேருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஏத்திப் போனேன். வெறும் எலும்புதான்க்கா. அவருகூடப் போனவரு ஒருத்தர் இருந்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரே காளியப்பன், அவரு எங்கேன்னு கேட்டேன். வாந்திபேதின்னாரு. போன கொஞ்ச நாளிலேயே போயிட்டாராம். ஆத்தோரமா எரிச்சுட்டாங்களாம்."

செல்லம் அலறினாள். மற்றவர்கள் தங்கள் புருஷன்மார் பேரைச் சொல்லி, அவரைத் தெரியுமா, இவரைத் தெரியுமா என்று அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பேர் சொல்லக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. நான் அழவில்லை. நெற்றியில் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. தீபாவளிக்கு அவருக்கென்று எடுத்துவைத்த கிழங்கு உருண்டை நினைவுக்கு வந்தது. அப்போதே அவர் இல்லை. தைப்பூசத்துக்கு அவர் பேரில் அர்ச்சனை செய்தேனே, அப்போதும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணியத்திடம் போனேன்.

"அவரை ஏத்திக்கிட்டுப் போனது இதே பஸ்ஸா?"

"ஆமாக்கா."

"அன்னைக்கு நேரா போனியா?"

"நேராத்தான் போனேன். ரயிலுக்கு முன்னாடியே கொண்டுபோய் விட்டுட்டேன். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மூணு மாசத்துல வந்துருவாங்கன்னு கிராணி சொன்னதைத்தான் நானும் நம்புனேன்."

தெரியாது என்றால் தெரியாதுதான். எனக்கு மட்டும் தெரிந்ததா? எங்களைக் காப்பாற்றினவன் அவன், இனி அடி வாங்கப் போகிறவனும் அவன். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவன் சட்டையை மறுபடியும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு ஏன்யா சுத்தல?" என்றேன்.

அவன் அழுதான். நான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.