கண்டிக்குப் போனவர்கள்

பொங்கியண்ணன் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "எங்க வம்சத்துல யாரும் கண்டிக்குப் போகலீங்க. ஊடு மாறி வந்துட்டீங்க" என்றார்.

கீதாஞ்சலியும் கவினும் வெளியே பைக்கோடு நின்றிருந்தார்கள். வீடு மாறவில்லை. மூலனூர் முருங்கைக்காய்ச் சந்தையில் விசாரித்தபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போன குடும்பம் என்று இந்த வீட்டைத்தான் கைகாட்டினார்கள்.

அவளுக்கும் கவினுக்கும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. கல்யாணப் பேச்சில் கவினின் அம்மா தெய்வாத்தாள் பாதி இறங்கி வந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண் என்ன கூட்டம்? ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. கீதாஞ்சலியின் குடும்பமோ மூன்று தலைமுறை இலங்கை மலையில் கொழுந்து பறித்துவிட்டு, எழுபதுகளில் கப்பலேறித் திரும்பி வந்தது. கூட்டம் எதுவென்று அவள் அப்பாவுக்கே தெரியாது. அவளுடைய பூட்டன் கந்தப்பன், பூட்டி நல்லம்மாள், ஊர் மூலனூர்ப் பக்கம். மிஞ்சியது அவ்வளவுதான்.

"சொத்துல பங்கு கேட்டு வரலீங்க. கூட்டத்தோட பேரை மட்டும் சொன்னாப் போதுமுங்க" என்றாள் கீதாஞ்சலி.

பங்கு என்ற சொல்லே அவரை உசுப்பிவிட்டது. காற்றாலைக்காரர்கள் வந்து அவர் குடும்பத்துக் காட்டு நிலத்துக்கு விலை பேசிப் போன வருடம் அது. அவர் செல்போனை எடுத்து, "குருசாமி, ஆளுகளக் கூட்டிக்கிட்டு கேட்டுக்கு வா" என்றார்.

பக்கத்துத் தோப்புக்குள்ளிருந்து நான்கைந்து பேர் கேட்டுக்கு வெளியே வந்தார்கள். ஒருவன் கவினின் பைக் சாவியை உருவிக்கொண்டான்.

"எந்த வக்கீல் அனுப்புனான்? அதச் சொல்லிட்டுப் போங்க" என்றார் பொங்கியண்ணன்.

கவின் பைக்கை விட்டு இறங்கினான். அவன் கை ஓங்குவதற்குள் கீதாஞ்சலி பிடித்துக்கொண்டாள். பயத்தில் அவள் குரல் உடைந்து, கத்தலாகவே வெளிவந்தது.

"கந்தப்பன், நல்லம்மாள்! இந்த ரெண்டு பேரும் இந்த ஊருல பொறந்தாங்களா இல்லையா?"

வாசலில் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பொங்கியண்ணனின் மனைவி நஞ்சம்மாள் நிமிர்ந்தார்.

"நல்லம்மாளா? அந்தப் பேரையே எடுக்கக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லுவாங்களே…"

"நீ உள்ள போ" என்று அதட்டினார் பொங்கியண்ணன். நஞ்சம்மாள் போகவில்லை. கேட்டுக்கு வந்து கீதாஞ்சலியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கந்தப்பன் இந்த ஊட்டு ஆளுதான் கண்ணு" என்றவர், கூட்டத்தின் பெயரையும் சொன்னார்.

கவினுடைய கூட்டம் அல்ல அது. கீதாஞ்சலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்லம்மாள் எந்த ஊட்டுப் பொண்ணுங்க?" என்றாள்.

நஞ்சம்மாள் கணவரைப் பார்த்தார். பொங்கியண்ணன் வேலையாட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளும் எங்க கூட்டந்தான். தங்கச்சி முறை. கந்தப்பன் எங்க தாத்தனோட கூடப்பொறந்தவன். ரெண்டு பேரும் ஓடிப்போனாங்க, ஊரே வெட்டறதுக்குத் தொரத்துச்சு. கடைசியில செத்துட்டாங்கன்னு தலை முழுகிட்டாங்க."

பிறகு அவரே சாவியை வாங்கிக் கம்பி வழியாக நீட்டினார். "கூட்டத்துப் பேர வச்சுக்க. இந்தக் கதைய எங்கயும் பேசாத. உனக்கும் நல்லது, எங்களுக்கும் மானம் போகாது."

திரும்பும் வழியில் கவினும் அதையேதான் சொன்னான். "அம்மாகிட்டப் பேரு மட்டும் போதும் கீதா. மத்தது எதுக்கு?"

காங்கேயம் தாண்டும்வரை அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குக் கூட்டம் தெரியாமல் போனது மறதியால் அல்ல. துரத்தப்பட்ட இரண்டு பேர் மலையேறிப் போய், பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"அவங்க உசுருக்குப் பயந்து மறைச்சாங்க. நான் எதுக்கு மறைக்கோணும்?" என்றாள்.

தெய்வாத்தாளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த முகம் இறுகியது. கடைசியில் அவர் மகன் பக்கம் திரும்பி, "அண்ணன் தங்கச்சி கட்டிக்கிட்ட வம்சத்தையா ஊட்டுக்குள்ள கூட்டிட்டு வர்ற?" என்றார்.

கவின் தலை குனிந்து நின்றான். அந்தச் சில நொடிகளில், அவன் இப்படியே நின்றுவிடுவான் என்றுதான் கீதாஞ்சலி நினைத்தாள். அவள் வாசல்படி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "இரு, நானும் வர்றேன்" என்றான்.

தை மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. தெய்வாத்தாள் வரவில்லை, மனம் மாறி அவர்கள் வீட்டுப் படியேற அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. எதிர்பாராமல் வந்தவர் நஞ்சம்மாள். கணவருக்குத் தெரியாமல் பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். கையில் ஒரு தாம்பாளத்தில் சேலையும் தேங்காய் பழமும்.

"பொறந்த ஊட்டுச் சீரு கண்ணு" என்றார். "நல்லம்மாளுக்கு யாரும் செய்யல."

கீதாஞ்சலி தாம்பாளத்தை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்தாள். அவருக்கு அதை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் கையில் ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தார்.