விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

“ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்கிட்ட கேட்டுராத டெபோரா.”

“என்னது?”

“இந்த வீட்ட விட்டுப் போயிருவோம்னு.”

“இவ்வளவுதானா? இத்தன ஜன்னலையும் நாந்தான் தொடைக்கணும்னு சொல்லுவியளோன்னு பயந்துட்டேன்.”

நிச்சயதார்த்தத்தன்று எஸ்றாவும் அவளும் பேசிக்கொண்டது. இருபத்தாறு ஆண்டுகளாக டெபோரா அந்த வாக்கைக் காத்துவந்தாள்.

கொக்கிரகுளத்தில் ஆற்றைப் பார்த்து நின்ற அந்தச் செங்கல் மாளிகையை 1871இல் கட்டியவர் எஸ்றாவின் முப்பாட்டனார். இரண்டடிக் கனச் சுவர்கள், உருண்டைத் தூண்கள், தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் கூரையாக நிறுத்தி அடுக்கிய சிறு செங்கற்கள். யாராவது கேட்டுவிட்டால், வாத்தியாரான எஸ்றா அவர்களுடைய காபி ஆறும்வரை விளக்குவார்.

வெள்ளம் வந்த டிசம்பரில் கூடத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு படுக்கையறைச் சுவரில், உத்தரம் நுழையும் இடத்திலிருந்து தரைவரை ஒரு விரிசல். செல்வமணி கொத்தனார் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, ஈரத்திலேயே ஆணியால் தேதியைக் கீறினார்.

“கண்ணாடி முழுசா இருந்தா பயமில்லக்கா. உடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். பொறவு இங்கன படுக்காதிய.”

தினமும் எழுந்ததும் அவள் கண்ணாடியைத்தான் பார்ப்பாள். முழுசாகவே இருந்தது. ஆனால் கதவு நிலையில் உரசத் தொடங்கியது. தலையணையில் செங்கல் தூள் கிடந்தது.

“எலிதான், வேற என்ன?” என்றார் எஸ்றா.

டெபோரா கேட்க நினைத்தது நாக்குவரை வந்து திரும்பிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து தூசி துடைத்தபோதுதான் கவனித்தாள். கண்ணாடியோரச் சிமெண்டில் அதே தேதிதான். ஆனால் கொத்தனாரின் கோணல் கீறல் இல்லை. கரும்பலகையில் எழுதியதுபோல் குண்டு குண்டான எண்கள்.

பீரோ மேலிருந்த எஸ்றாவின் கருவிப்பெட்டியை இறக்கித் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய நான்கு கண்ணாடிகள். நான்கும் நடுவில் உடைந்தவை.

எஸ்றா கதவருகே வந்து நின்றார்.

“நீ பயந்துருவேன்னுதான் மாத்தி மாத்தி ஒட்டுனேன்.”

“கடைசியா எப்ப ஒட்டுனிய?”

“முந்தாநேத்து.”

சுவரிலிருந்து ‘டிக்’கென்று ஒரு சத்தம். இருவரும் திரும்பினார்கள். ஐந்தாவது கண்ணாடியில் முடியளவு கோடு ஒன்று பைய மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டெபோரா அவர் கையை இறுகப் பிடித்தாள்.

“ஏங்க, இந்த வீட்ட விட்டுப் போயிருவோம்.”