சிவப்பு விளக்கில் நின்ற திருடன்

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஓய்வுபெற்றார். அவருடைய கை மட்டும் ஓய்வுபெற மறுத்துவிட்டது. காலையில் பால்கனிக்கு வந்தால், கீழே கார் நிறுத்துகிறவர்களுக்கெல்லாம், "ரிவர்ஸ் எடு, இன்னும் ஒடி, கோட்டுக்குள்ள விடு" என்று இலவசச் சேவை. நன்றி சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், குடியிருப்போர் சங்கத் தலைவரையும் கையோடு கூட்டிவந்தார்கள்.

வெளியூரில் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் வேலை பார்த்த மகனிடம் அம்மா போனில் புலம்பினாள். "உங்கப்பாவை எப்படியாவது வீட்டுக்குள்ள உக்கார வைடா."

மகன் அப்பாவிடமே பேசியிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் அப்படியொரு பழக்கம் கிடையாது. கல்லூரி நாட்களில் ஹெல்மெட் போடாமல் வந்த மகனை, கூட்டாளிகள் பார்க்க நடுச்சாலையில் மடக்கி, வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு போகச் சொன்னவர் இன்ஸ்பெக்டர். சட்டம் எல்லோருக்கும் சமம் என்பது அன்று நிரூபணமானது. அதற்குப் பிறகு இருவரும் அம்மா வழியாகத்தான் பேசினார்கள். "சாப்பிட்டானான்னு கேளு." "சாப்பிட்டேன்னு சொல்லும்மா." அப்பா-மகன் பாசம் முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிட்டது.

மகன் ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி அனுப்பினான். கூடவே ஒரு ஹெட்செட். அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து விளையாடலாம், பேசிக்கொள்ளலாம். அட்டையில் கார் படம் இருந்ததால் இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். அது திருட்டுக் கார் என்று அட்டையில் யாரும் எழுதவில்லை.

விளையாட்டில் மகன் நகைக்கடையில் புகுந்து மூட்டையோடு ஓடிவருவான். அப்பா வேனைக் கிளப்பி, போலீஸ் கையில் சிக்காமல் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். ஒரு கறையும் படாமல் ஓய்வுபெற்றவருக்கு மகன் பார்த்துக்கொடுத்த வேலை அது.

முதல் நாள் மகன் வேனில் ஏறினான். வேன் சீராக நகர்ந்து, அடுத்த முனையில் நின்றது.

"அப்பா, ஏன் நிக்கிறீங்க?"

"சிவப்பு விழுந்திருக்குடா."

"பின்னாடி போலீஸ் வருதுப்பா!"

"அதான் நிக்கிறேன். போலீஸ் கண்ணெதிர்லயே சிக்னலைத் தாண்டச் சொல்றியா?"

கைவிலங்கு மாட்டிய பிறகும், "பாத்தியா, எவ்வளவு ஒழுங்கா பிடிச்சாங்க" என்று அவர் எதிர்த்தரப்பைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

நாலைந்து தடவை சிறைக்குப் போய்வந்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அதுவும் ஏதோ ஒரு கற்றுக்குட்டி போலீஸிடம் தோற்பதா? "பாலத்துல தடுப்பு போட்டிருப்பான். நானா இருந்தா அங்கதான் போடுவேன். மார்க்கெட் சந்து வழியா போவோம், பிடிச்சுக்கோ" என்றார். மார்க்கெட் கடைகளையெல்லாம் துவம்சம் செய்துகொண்டு வேன் துறைமுகம் சேர்ந்தது. "சூப்பர்ப்பா!" என்று மகன் கத்தினான். துறை அத்தனை வருடம் தராத பாராட்டு, ஒரு கொள்ளையில் கிடைத்தது.

பிறகு தினமும் சாயங்காலம் கொள்ளைதான். வண்டி ஓடும்போது பேச்சும் ஓடியது. மகனின் முதுகுவலி, மேலதிகாரியின் அழும்பு, நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் தும்மிக்கொண்டே இருந்த மனிதர் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துபோயின. குடும்பத்தின் தபால் இலாகாவை நடத்திவந்த அம்மாவுக்கு வேலை போய்விட்டது.

நீண்ட விடுமுறைக்கு மகன் வீட்டுக்கு வந்தான். இனி வீடு கலகலக்கும் என்று அம்மா நம்பினாள். சோபாவின் இந்தக் கோடியில் அப்பா, அந்தக் கோடியில் மகன்.

"டிரெயின்ல கூட்டமா?"

"இல்லப்பா."

மின்விசிறி மட்டும் சலிக்காமல் பேசிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா, "உங்க மூஞ்சியைப் பார்க்க எனக்கே பாவமா இருக்கு. எந்திரிச்சு ஆளுக்கொரு ரூமுக்குப் போங்க" என்று விரட்டினாள். மகன் லேப்டாப்போடு உள்ளறைக்குப் போனான். இருவரும் ஹெட்செட் மாட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கலகலப்பு தொடங்கியது.

அம்மா இரண்டு அறைக்கும் நடுவே நடையில் நின்று துணி மடித்தாள். அடுத்த அறையில் இருக்கும் அப்பாவிடம், மகன் இணையம் வழியாக ஒரு விஷயத்தை உடைத்தான்.

"அப்பா, ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. கூட வேலை பார்க்கிறவ."

அப்பா வேனை ஒரு சந்துக்குள் திருப்பினார்.

"வண்டி ஓட்டுவாளா?"

"ஓட்டுவா."

"லைசென்ஸ்?"

"இருக்குப்பா."

"அப்புறம் என்னடா? அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். இடது பக்கம் பாரு, ஜீப் வருது."

அம்மாவின் கையிலிருந்த துணி நழுவியது. நேரே போய்க் கணவர் தலையிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"டேய், நான் என்ன செத்தா போயிட்டேன்? திருட்டு வேன்ல வச்சுத்தான் கல்யாணம் பேசி முடிப்பீங்களா?"

"அம்மா..."

"பொண்ணு போட்டோ இருக்கா?"

"இருக்கும்மா."

"எடுத்துட்டு வா. நடந்து வா, உனக்குக் கால் இருக்கு."

மகன் போனோடு வந்து அவளருகில் நின்றான். அப்பாவும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மூன்று தலைகளும் ஒரு சின்னத் திரைமேல் குனிந்திருக்க, எதிரே பெரிய திரையில் போலீஸ் அவர்களை நிதானமாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.