ஒன்பது அங்குலச் சுவர்

கீழ் கோத்தகிரிப் பக்கம் அந்தத் தேயிலை எஸ்டேட்டில், பெரிய துரை வருகிறார் என்றால்தான் தொழிலாளர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். இந்த முறை அடிக்க வந்த இருவரும் மகா சுத்தக்காரர்கள். சுகந்தி வீட்டுச் சுவரில் டெலிபோன் ஒயர் நுழைகிற ஓட்டை அசிங்கமாகத் தெரிந்ததாம். ஒயரைக் கத்தரித்து, ஓட்டையில் சிமென்ட் பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். பெரிய துரை ஜீப்பை விட்டே இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீடுகள் இருக்கும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது; செல்போன் டார்ச் அடிக்கத்தான் ஆகும். திருப்பூரில் மகள் கலைமதிக்கு ரெண்டாவது பிரசவம், இன்னும் பத்துப் பதினைந்து நாளில். "போன் பண்ணு கண்ணு, அடுத்த பஸ்ஸுல வந்தர்றேன்" என்று சுகந்தி வாக்குக் கொடுத்திருந்தாள்.

டெலிபோன் ஆபீஸில் புகார் கொடுத்து ஆறாம் நாள் லைன்மேன் வேலுசாமி வந்தார். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, தன் டெஸ்ட் போனை மாட்டிக் காதில் வைத்தார்.

"டோன் அருமையா வருதுங்க. கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சுது."

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள வரலைங்களே?"

"பொட்டி வரைக்குந்தான் நாங்க. உள்ள போற ஒயரு உங்க பாடு."

"ஒயரு நானே வாங்கறனுங்க. ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க."

"செவுரு எஸ்டேட்டுதுங்க அம்மிணி. தொட்டா என்ர வேலை போயிரும்."

எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் லெஸ்லி நிமிராமலே சொன்னார். "செவுரு எங்களுதுதான். போன் உங்களுதாச்சே? அதுக்கு ஓட்டை போட ரூல் இல்லீங்க."

"அடைக்க மட்டும் ரூல் இருக்குதுங்களா?"

"அது பெயின்டிங் செக்‌ஷன். நீங்களா ஓட்டை போட்டீங்கன்னா, ஊட்டைக் காலி பண்ணோணும், பாத்துக்குங்க."

ஆக, சுவருக்கு வெளியே ஒரு பொறுப்பாளர், உள்ளே ஒரு பொறுப்பாளர், நடுவில் ஒன்பது அங்குலத்துக்கு மட்டும் ஒரு முதலாளி.

சுகந்தி வீட்டுக்கு வந்து போனைத் தூக்கி வெளியே வைத்தாள். இலைக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் போன். மழையில் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாள். ஒயரைப் பெட்டியில் செருகினாள். டோன், வேலுசாமி சொன்ன மாதிரியே, அருமை.

"என்னக்கா, டெலிபோன் பூத் தொறந்தாச்சாக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சி.

"ஆமா. மொத கஸ்டமரு நீதான், வா."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, மேல் காட்டில் இலை பறித்துக்கொண்டிருந்த சுகந்தியின் காதிலேயே மணி விழுந்தது. அவள் இறங்குவதற்குள் பேச்சி எடுத்துவிட்டாள்.

"அக்கோவ்! உன்ர மகளுக்கு வலி எடுத்துருச்சாம்!"

பத்தரை பஸ் கிடைத்தது. பேரன் பிறக்கும்போது சுகந்தி ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பினால், கூடைக்கு முன்னால் லெஸ்லி நின்றிருந்தார்.

"பெரிய துரை மறுபடி வர்றாருங்க. வாசல்ல போன் கெடந்தா அசிங்கம். இன்னிக்கே உள்ள எடுத்துருங்க."

"எடுத்தர்றனுங்க. வழி எங்கீங்க?"

லெஸ்லி சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

மத்தியானம் பெயின்டிங் செக்‌ஷனிலிருந்து அதே இரண்டு பேர் உளியோடு வந்தார்கள்.