சிக்கனம் பேசிய கைப்பேசி

துணை மேலாளர் முதலில் தன் இதயத்தைத்தான் சந்தேகப்பட்டார். பத்து நாளாக இடது மார்பில் ஓர் அனல். காலை பத்து மணிக்கு வெதுவெதுப்பாகத் தொடங்கி, பதினொன்றரைக்கெல்லாம் இஸ்திரிப் பெட்டியை அணைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். டாக்டரிடம் போய், பொறுப்பு மிகுந்த பதவியில் இருப்பவர்களுக்கு இப்படி வருவதுண்டா என்று விசாரித்தார். டாக்டர் அவருடைய சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அனல் நின்றது. ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லையே என்று வீடு வரும்வரை அவருக்குக் குறைதான்.

அலுவலகத்தில் அவருக்கு ‘சுவிட்ச்’ என்று பெயர். முகத்துக்கு முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் சுவிட்ச். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் அணைப்பார். ஆள் இருக்கிற அறையிலும், நாலு பேருக்கு எதற்கு ஆறு விளக்கு என்று இரண்டை அணைத்துவிட்டுப் போவார். தலைமை அலுவலகம் ஊழியர்களுக்கான பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடத் தொடங்கியபோது, மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசத் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவரே கடிதம் எழுதி, அவரே நினைவூட்டலும் எழுதி, கடைசியில் பேசியும் விட்டார். ஒரு மணி ஐம்பது நிமிஷம்.

அதோடு விட்டிருந்தால் வம்பில்லை. யாருடைய பாடம் அதிக மணி நேரம் பார்க்கப்படுகிறதோ அவரே புதிய பயிற்சிப் பிரிவுக்குத் தலைவர் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை. பதினோரு வருஷமாகத் துணை மேலாளராகவே இருந்து, ‘துணை’ என்ற சொல்லைக் கேட்டாலே பல் கூசுகிற நிலைக்கு வந்திருந்தவருக்கு அந்தப் பலகை கண்ணிலேயே நின்றது. ஆனால் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் கோப்பு அடுக்குவதைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசியிருந்தார். அதை, என்ன காரணமோ, ஜனங்கள் உண்மையிலேயே பார்த்தார்கள்.

துணை மேலாளரும் பார்க்க ஆரம்பித்தார், தன்னுடையதை. ஒலியை அடைத்து, திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்து, தடித்த தோல் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் உரை தன்பாட்டுக்கு ஓடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஒரே ஒரு தொந்தரவு. கால் மணிக்கு ஒருமுறை ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று திரை கேட்கும். ‘ஆம்’ என்று தொடாவிட்டால் நின்றுவிடும். இதற்காக அவர் கூட்டங்களிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போய் வந்தார். பாவம், சர்க்கரை முற்றிவிட்டது என்று எதிர் மேஜை டைப்பிஸ்ட் அம்மாள் எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

மூன்றாவது வாரத்தில் கைப்பேசி மக்கர் செய்யத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு நூறு சதவீதமாகக் கிளம்பும் பேட்டரி மதியத்துக்குள் செத்துப்போகும். சார்ஜ் போட்டுக்கொண்டே ஓட்டினால் கையில் பிடிக்க முடியாத சூடு. அவர் காரணத்தைச் சொல்லாமல் வைத்தியம் மட்டும் கேட்டதால், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உறையைக் கழற்றச் சொன்னார் டைப்பிஸ்ட் அம்மாள். அது தோல், கௌரவமானது, கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். கைப்பேசியைக் குளிர வைக்கிற செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தார் அலுவலகக் காவலாளி. பனி கொட்டுகிற படம் அழகாகத்தான் இருந்தது. அதைக் காட்டுவதற்கே பேட்டரியில் கொஞ்சம் போயிற்று. கடைசியில் அவர் தம் சொந்த மூளையால் யோசித்து அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். மனைவி அதை வெண்டைக்காய்க்கு அடியிலிருந்து வெளியே எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போகலாம் வாங்க என்றாள்.

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைமை அலுவலகம் பட்டியலை மூடுகிறது.

பழுது பார்க்கும் கடையில் ஒரு கண்ணாடி மேஜை, ஒரு விளக்கு, அதன் கீழே குனிந்தபடி முப்பது வயதுப் பெண் ஒருத்தி. எவ்வளவு நேரம் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டாள். முக்கியமான அழைப்புகளுக்கு மட்டும், அதுவும் சுருக்கமாக என்றார் துணை மேலாளர். அவள் தோல் உறையை உரித்துப் போட்டுவிட்டு, கைப்பேசியைக் கண்ணாடிமேல் வைத்து ஒரு விரலால் தட்டிவிட்டாள். அது சுழன்றது.

“நல்ல போன் இப்படி சுத்தாது சார். தரையோட தரையா கெடக்கும். உங்க பேட்டரி உப்பிடுச்சு. இதைச் சட்டைப் பையிலயா வச்சிருந்தீங்க?”

மாற்றித் தர நாளை சாயங்காலம் ஆகும் என்றாள். நாளை சாயங்காலமா! ஒரு நாள் பொறுத்துக் கொண்டுவருகிறேன், அதுவரை இப்படியே ஓடாதா என்று குழைந்தார். ஓடும், எப்போது தீப்பிடிக்கும் என்றுதான் சொல்ல முடியாது என்றாள் அவள், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற தொனியில். பேட்டரியை மாற்றினாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் புதியதும் இதே கதிதான் என்று சொல்லிக்கொண்டே, எது எவ்வளவு தின்றது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். அதெல்லாம் வேண்டாமே, நேரமாகிறதே என்றார் துணை மேலாளர். அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் தொண்ணூத்திரெண்டு சதவீதம் தின்னுருக்கு சார். மத்ததெல்லாம் பட்டினி.”

தொட்டாள். வெளிச்சத்தையும் ஒலியையும் கூட்டினாள். கோட்டு அணிந்த ஒருவர் திரையில் தோன்றி, அன்பார்ந்த ஊழியர்களே, நாம் வீணாக்கும் ஒவ்வொரு துளி மின்சாரமும், என்று முழங்கினார். பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை அவர் முகத்தின் குறுக்கே வந்து நின்றது.

“என்னங்க, இது நீங்கதானே?”

ஏதாவது பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

“இருநூத்திப் பதினாலு மணி நேரமா?” திரையின் அடியில் இருந்ததை மனைவி வாசித்துவிட்டாள். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான்கூட உங்களை அவ்வளவு நேரம் பார்த்ததில்லையே.”

கடைக்காரப் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டு திரையின் ஓரத்தைக் காட்டினாள். மணி நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னோர் எண் இருந்தது. இத்தனை நாளும் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருந்ததால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

“இது எத்தனை பேர் பார்த்தாங்கங்கற கணக்கு சார்.”

ஒன்று.

துணை மேலாளருக்கு நாற்காலியும் பெயர்ப்பலகையும் போன இடம் தெரியவில்லை. நாளை பன்னிரண்டு மணிக்கு இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் தலைமை அலுவலகத்து மேஜையில் இருக்கும். அந்த ஒரு ஆள் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குப் பெரிய மூளை தேவையில்லை. டைப்பிஸ்ட் அம்மாளுக்கு அதுகூடத் தேவையில்லை. இனி ‘சுவிட்ச்’ என்ற பெயர் பட்டாபிஷேகப் பெயராகிவிடும்.

கைப்பேசியைக் கடையிலேயே விட்டார். வெளியே வந்து நடைபாதை ஓரமாக நின்று, உன் போனைக் கொடு, போட்டியிலிருந்து விலகுவதாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். சொல்லுங்க, நானே எழுதறேன் என்றாள் மனைவி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெருமதிப்பிற்குரிய ஐயா, இளைய தலைமுறைக்கு வழிவிட்டு நிற்பதே அனுபவத்திற்கு அழகு என்ற கொள்கையின் அடிப்படையிலும், என்று ஆரம்பித்தார்.

“என் பேரை எடுத்துடுங்கன்னு போட்டா போதாதா?”

ஒரு பேருந்து வந்து, ஆளை இறக்கி, போய்விட்டது.

“போடு.”

தலைமை அலுவலகத்தில் அந்நேரத்துக்கும் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது. மனைவி படித்துக் காட்டினாள். தங்கள் உரையை ஒரே ஒருவர் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பார்த்ததாகக் காட்டியது. மனிதரால் ஆகாத காரியம் என்பதால் கணினிக் கோளாறு என்று முடிவு செய்து, திங்கட்கிழமையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்.

துணை மேலாளர் போனை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். குனிந்திருந்த தோள் மெல்ல நிமிர்ந்தது.

“மன்னிப்பு கேட்டிருக்காங்க பார்த்தியா.”

“கேட்டிருக்காங்க,” என்று சொல்லிப் போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள் மனைவி. “வாங்க, அடுத்த பஸ் வருது.”