துருத்திக்கொண்டிருந்த பிடி

கார்லண்ட் ப்ரூயிட்டை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வனீட்டா ஒருபக்கமாகப் பேசுகிறாள் என்று யாரும் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. ஒருபக்கமாகத்தான் பேசப்போகிறேன்.

போலீஸில் ஷெரீப்பிடம் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்று எங்கள் ஊருக்கு வந்தவன் அவன். வந்த சூட்டோடு எங்கள் பாப்திஸ்து சபையின் காவல் குழுவுக்குத் தலைவனாகிவிட்டான். ஞாயிறு ஆராதனை நடக்கும்போது சட்டைக்குள் துப்பாக்கியோடு வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் நிற்கிறார்களே, அந்தக் குழு. முன்வாசல் என் புருஷன் டெல்மருடையது. குழு என்று ஒன்றுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் அங்கே நிற்கிறார்.

தீவன ஆலையை மூடியபிறகு அந்த மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது? வாரம் முழுக்கத் தாடியைச் சொறிந்துகொண்டு டிவி முன்னால் கிடப்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு முன்னால் எழுந்து, முகம் மழித்து, பூட்ஸைத் துடைத்து, இஸ்திரி போட்ட சட்டை கேட்பார். கதவைத் திறந்துவிட்டு, நடக்க முடியாதவர்களுக்குக் கை கொடுத்து, பிள்ளைகளுக்குப் புதினா மிட்டாய் கொடுப்பார். அந்த வாசலும் போனால் என் வீட்டில் ஒரு மனுஷன் இருக்க மாட்டார், ஒரு சோபாதான் இருக்கும். அது எனக்கும் தெரியும், கார்லண்டுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த கூடத்தில், நாலு பேர் காதில் விழும்படியே அவன் ஆரம்பித்தான்.

"பிரதர், உங்க சட்டைக்குள்ள துப்பாக்கிப் பிடி துருத்திக்கிட்டு நிக்குது. சிஸ்டருங்க பயப்படுறாங்க. சின்னதா ஒண்ணு வாங்கிக்கங்க. இல்லன்னா வாசலை நம்ம கோல்பிகிட்ட விட்டுருங்க."

கோல்பி யார்? அவனுடைய மருமகன். எந்த சிஸ்டர் பயந்தாள் என்று கேட்டேன். பெயர் சொல்ல முடியாதாம். பயந்தவள் ஒருத்தி இருந்தால்தானே பெயர் இருக்கும். பாஸ்டர் மெரிட் பக்கத்தில் நின்று காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை கரைந்து எவ்வளவு நேரமாயிற்றோ.

புதுத் துப்பாக்கி வாங்க எங்களுக்கு வக்கில்லை. டெல்மர் வண்டியில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். சட்டையில் தெரிவது பிடியின் அடிப்பாகம்தான், குழல் பேண்ட்டுக்குள் போய்விடுகிறது. பிடியோ இரும்பு இல்லை, கெட்டி பிளாஸ்டிக். அதை ஒரு விரல் தடிமனுக்கு அறுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டுவார்களா என்று கேட்டேன். முடியாது போடா என்று அந்தக் கார்லண்டிடம் சொல்லத் துப்பில்லை, என் காரேஜில் வந்து அறுக்கிறாராம்.

என் துணி துவைக்கும் மெஷின் காரேஜில்தான் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். தோட்டா இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கழற்றினார். பிடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, அதன்மேல் கோடு கிழித்து, என் நல்ல துண்டு ஒன்றைச் சுற்றி, மேசையில் பொருத்தியிருந்த இடுக்கியில் இறுக்கினார். ரம்பம் மெதுவாகப் போயிற்று. கறுப்புத் தூள் என் வெள்ளைப் படுக்கை விரிப்பில் வந்து படிந்தது. கடைசியில் அறுந்த துண்டு, நடுவில் ஓட்டையோடு ஒரு கறுப்பு வளையம், துள்ளி என் துணிக்கூடையில் விழுந்தது. அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த சண்டையில் அவர் தலையில் எறிவதற்குத்தான்.

அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கை வழுக்காமல் இருக்க, நான் கண்ணாடி விளக்கு செய்ய வைத்திருந்த சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதன் முனையால் பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சுட்டார். வீடே கருகின பிளாஸ்டிக் நாற்றம். குறை சொல்லத்தான் போய் நின்றேன். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கடையில் வாங்கினது மாதிரி இருந்தது. பாவி மனுஷன், இந்தக் கையை வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்திருக்கிறார்.

குட்டைப் பிடிக்குள் போக, தோட்டா அடுக்கும் குட்டை மேகசின் ஒன்றை யாரிடமோ பண்டமாற்றாக வாங்கிவந்தார். இடுப்பில் உபரிக்கு வைப்பது பழைய நீள மேகசின். அதன் அடி சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் என்றார். நான் பிஸ்கட் மாவு பிசையும்போதெல்லாம் மேசையில் உட்கார்ந்து வெறும் துப்பாக்கியில் அதைப் பழகிக்கொண்டிருந்தார். நிதானமாக ஏற்றுவார், டக் என்று பூட்டிக்கொள்ளும். கழற்றுவார், மறுபடி ஏற்றுவார்.

சனிக்கிழமை காலை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கிற்று. அன்றைக்குச் சுடும் திடலில் கார்லண்ட் வைத்த பரீட்சை. தேறினால் வாசல் அவருடையது.

பெண்கள் நாற்காலியும் சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். ஒவ்வொருவராகக் காகித உருவத்தைச் சுட்டார்கள். கோல்பி சுட்டதில் பாதி மண்மேட்டுக்குப் போயிற்று. அதற்கே மாமனார்க்காரன் கார்லண்ட் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். டெல்மர் சுட்டது எல்லாம் நெஞ்சில், ஒரு சாஸருக்குள் அடங்கும்படி. கடைசித் தோட்டா போனதும் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னுக்குப் போய்த் திறந்து நின்றது. முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன்.

கார்லண்ட் அவர் இடுப்பில் இருந்த நீள மேகசினைப் பார்த்தான். பிறகு அறுத்த பிடியைப் பார்த்தான். பிறகு மறுபடி மேகசினை. அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

"அடுத்ததை ஏத்துங்க பிரதர். தடவிக்கிட்டு நிக்கக் கூடாது. நிஜத்துல எப்படியோ அப்படி, ஓங்கி அறைஞ்சு ஏத்துங்க."

மற்ற யாரையும் அப்படிக் கேட்கவில்லை. டெல்மர் ஓங்கி அறைந்தார்.

நீள மேகசின் அளவுக்கு மேல் உள்ளே போகாமல் தடுத்து நிறுத்துவது பிடியின் அடி விளிம்புதான். அதைத்தான் இந்த மனுஷன் அறுத்து என் துணிக்கூடையில் போட்டிருந்தார். மெதுவாக ஏற்றினால் சரியான இடத்தில் பூட்டிக்கொள்ளும். அறைந்தால் பூட்டைத் தாண்டி மேலே போய் உள்ளே சிக்கிக்கொள்ளும். என் சாப்பாட்டு மேசையில் யார் அறைந்து பழகினார்கள்?

இழுத்துப் பார்த்தார், வரவில்லை. முட்டிகளுக்கு நடுவில் இடுக்கி இழுத்தார். துப்பாக்கி மூடவும் இல்லை, மேகசின் கழலவும் இல்லை. கார்லண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பரவால்ல பிரதர், நிதானமா எடுங்க. நிஜமா இருந்திருந்தா இந்நேரம் பாதி சபை பரலோகம் போயிருக்கும்."

சிரித்தார்கள். நான் சமைத்துப் போட்டதைத் தின்ற வாய்கள்தான். டெல்மரின் காது இரண்டும் சிவந்துபோயின. குறடு போட்டுத்தான் அதைப் பிடுங்க வேண்டியிருந்தது, பிடுங்கிக் கொடுத்தவன் கோல்பி.

வண்டியில் ஏறியதும் கத்தினேன். அந்தக் கார்லண்ட் பார்த்துவிட்டுத்தான் கேட்டான், வேண்டுமென்றே கேட்டான், நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்றேன். நீள மேகசின் அளவுக்கு மேல் போகாதபடி அதன் அடியில் ஒரு வளையம் மாட்டியிருக்க வேண்டும், தனக்குத் தோன்றவில்லை என்றார்.

"அவன் பார்த்திருந்தாலும் தப்பு என்னுதுதானே, வனீட்டா."

இந்த நியாயத்தைக் கேட்டதும் எனக்குக் கார்லண்டைவிட இவர்மேல்தான் ஆத்திரம் பொங்கிற்று.

மறுநாள் சபைக்கு வரமாட்டேன் என்றார். முகம் மழிக்கவில்லை. பூட்ஸை நானே துடைத்து முன்னால் எறிந்தேன். நாம் என்ன திருடினோமா ஒளிந்துகொள்ள என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனேன்.

முன்வாசலில் கோல்பி நின்றான். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி வாக்கரோடு திணறிக்கொண்டிருந்தாள், அவன் குனிந்து கதவைப் பிடித்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. உள்ளே துப்பாக்கிப் பிடி முழுசாகத் துருத்திக்கொண்டு நின்றது. டெல்மர் அறுப்பதற்கு முன்னால் வைத்திருந்ததைவிடப் பெரியது.

"தம்பி, சட்டைக்குள்ள என்ன, சுரைக்காயா?" என்றேன்.

பயல் முழித்தான். "மாமாகிட்ட கேட்டேன் ஆன்ட்டி. அதெல்லாம் பரவால்லன்னுட்டாரு."

டெல்மர் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டார். வலது கை எதையோ அளப்பதுபோல மூடி மூடித் திறந்தது. முப்பது வருஷம் அந்தக் கையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

காணிக்கை நேரம் வந்தது. பியானோ வாசிக்க, எங்கள் பக்கத்து வரிசைகளுக்குத் தட்டைக் கார்லண்டே கொண்டுவந்தான். என் முன்னால் குனிந்து புன்னகையோடு நீட்டினான். நான் கைப்பையைத் திறந்தேன். அடியில் கைவிட்டுத் தேடி, அந்தக் கறுப்பு வளையத்தை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தேன்.

"இதைத்தானே கேட்டீங்க பிரதர். எடுத்துக்கங்க. பத்தலன்னா மிச்சத்தையும் அறுத்துக் கொண்டாரோம்."

மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. முன்வரிசைவரை திரும்பிப் பார்த்தார்கள். கார்லண்ட் புன்னகையை விடாமலே அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போடக் கையை நீட்டினான்.

டெல்மர் எழுந்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கார்லண்ட். போட்டது போட்டதுதான்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். டெல்மர் விடவில்லை. கடைசியில் கார்லண்ட் விட்டான். டெல்மர் தட்டை வாங்கித் தன் கையாலேயே எங்களுக்கு முன்னால் இருந்த வரிசைக்கு நீட்டினார். அது கைமாறிக் கைமாறிப் பாஸ்டர் மெரிட் இருக்கும் பக்கம் போயிற்று. காபிக் கூடத்தில் அன்று நடந்த பேச்சு அந்தச் சபையில் தெரியாதவர் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி, வாசலில் நின்ற கோல்பியின் முதுகைப் பார்த்தார்கள்.