ஒல்லித் தங்கைக்கு ஒரு போன்

கிரேன் ஓட்டுகிறவர்கள் வேலைக்கு ஏறும் முன் தண்ணீர் குடிப்பதில்லை. மேலே கூண்டில் கக்கூஸ் கிடையாது; இறங்கி ஏறினால் பாதிப் பொழுது போய்விடும். மூட்டை என்று கூப்பிடப்பட்டவனும் அப்படித்தான் வருஷக்கணக்கில் நாக்கு வறள அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் உடம்பைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பேர் அது. “உன்னைத் தூக்க இன்னொரு கிரேன் வேணும்டா” என்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவைப்பான்.

இடது கால் வீங்கியபோது சுளுக்கு என்றிருந்தான். மூச்சு முட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். காலில் இரத்தம் கட்டியாக உறைந்து, அதில் ஒரு துண்டு நுரையீரல்வரை போயிருந்தது.

“எடை ஒரு காரணம். தண்ணி குடிக்காம, அசையாம உக்கார்றது இன்னொண்ணு,” என்றார் டாக்டரம்மா. “ஆனா உங்க இரத்தமே சீக்கிரம் உறையற ரகம். பரம்பரையா வர்றது. எடையும் அதுவும் சேர்ந்தா ஆபத்து பல மடங்கு. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”

இருந்தாள், ஒரு தங்கை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்த அன்று, “தின்னே செத்தாரு, அடுத்தது நீதான்” என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். அன்றோடு பேச்சு அறுந்தது. இப்போது முழுகாமல் இருக்கிறாள் என்பதே சித்தி சொல்லித்தான் தெரியும். கர்ப்பத்திலும் இந்த ஆபத்து கூடும் என்றார் டாக்டரம்மா.

டிஸ்சார்ஜ் ஆகி, காலையில் அறைக்கு வந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தான். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் அழுத்தினான்.

“யாரு?” நம்பரைக்கூட அழித்திருந்தாள்.

“அண்ணன்.”

“சொல்லு” என்றாள்.

கூண்டில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தது, கால், மூச்சு, இரத்தம், எல்லாம் சொன்னான்.

“எனக்கென்ன, நான்தான் ஒல்லிக்குச்சியாச்சே.”

“எடை என்னோடதும்மா. இரத்தம் பரம்பரையோடது. ஒல்லியா குண்டான்னு பாத்து வராது. உனக்கு இல்லாமலும் இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்லி டெஸ்ட் பண்ணிக்கோ. கால் வீங்கினா சும்மா இருந்துடாதே.”



“அப்போ அப்பாவுக்கும்...”

“தெரியாது. அவருக்கு யாரும் டெஸ்ட் பண்ணலையே.”

“நாளைக்கே கேக்கறேன்.” பிறகு, தயங்கி, “இப்பவாவது தண்ணி குடிக்கிறியா?”

“குடிக்கிறேன்.”

வா என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை. போன் அணைந்த பிறகு ஃபேன் சத்தம்தான் அறையில் மிச்சம். மேசைமேல் தண்ணீர் பாட்டில் காலையில் வைத்தபடி நிறைந்து நின்றது. எழுந்து திறந்து, நின்றுகொண்டே குடித்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுவருக்கும் சுவருக்கும் நடுவே மெதுவாக நடக்கத் தொடங்கினான்.